எட்டு கிலோ முந்நூறு

சங்கரன்கோவில்,
9-1-79

அன்புள்ள அத்தானுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய பார்சல் வந்து பதினேழு நாளாகிறது. பதில் எழுதத் தாமதம். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். பாதி கோபம்தான். மீதி உங்கள் மகள் லீதியாள். பேனாவை எடுத்தால் அது அவளுக்கு வேண்டும். கொடுத்தால் நேரே வாய்க்குப் போகிறது. இந்தக் கடிதத்தையே நாலு தவணையாக எழுதுகிறேன்.

கவுன் சரியாக இருக்கிறது. ஆனால் கவுனைச் சுற்றியிருந்த தாளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கூனிப்பாறை எஸ்டேட் பொன்விழா மலை நடை ஓட்டம். பிப்ரவரி 17, சனிக்கிழமை காலை ஏழு மணி. தேயிலைத் தொழிற்சாலை வாசலிலிருந்து அடிவாரம் ஆஸ்பத்திரி மைதானம் வரை இருபத்து நான்கு கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம். வழியில் ஐந்து சாவடி. ஒவ்வொன்றிலும் அட்டையில் நேரம் குறித்துக் கையெழுத்து. பொழுது சாய்வதற்குள் வந்து சேரும் எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

எனக்குச் சில கேள்விகள். பஸ் போகிற ரோடு நாற்பத்தெட்டு கிலோமீட்டர் என்பீர்களே, இது எப்படி இருபத்து நான்கு ஆயிற்று? குறுக்குப் பாதை உண்டு என்றால் நவம்பரில் அதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?

நவம்பரைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது பகல் பன்னிரண்டு மணி. ஜீப் கேட்டு நீங்கள் மேனேஜர் பங்களாவுக்கு ஓடினீர்கள். ஜீப் கீழே போயிருந்தது. கம்பவுண்டர் "அசைக்காதீங்க, ஜீப் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் நானும் அவளும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் ஆறேழு பேர் வாசலில் வந்து நின்று "பிள்ளையக் குடு, பிள்ளையக் குடு" என்று கதவைத் தட்டினார்கள். வேப்பிலை அடிக்கவோ சூடு போடவோ கேட்கிறார்கள் என்று பயந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஜீப் வந்தபோது மணி ஐந்து. அந்த ஐந்து மணி நேரமும் அவள் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

இனி இந்த மலை ஏறமாட்டேன் என்று ஜீப்பில் வைத்து உங்களிடம் சொன்னேன். இன்னும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து ஒன்று தெரிய வேண்டும்போல் இருக்கிறது. ஜீப் இல்லாத ஒரு நாளில் அந்த ஆஸ்பத்திரிக்கு உங்கள் கால் எவ்வளவு நேரம் எடுக்கும்? பேர் கொடுத்து ஓடிப் பார்க்கிறீர்களா?

தேவமணி


கூனிப்பாறை எஸ்டேட்,
16-1-79

அன்புள்ள மணிக்கு,

கவுனை விட்டுவிட்டுத் தாளைப் படித்தாய் என்பதில் ஆச்சரியமில்லை. கல்யாண வீட்டில் என் முகத்தைப் பார்க்காமல் பந்தலில் ஒட்டியிருந்த சோடாக் கம்பெனி விளம்பரத்தைப் படித்தவள் நீ.

ரோடு வளைந்து வளைந்து போகிறது. பாதை நேரே இறங்குகிறது. லயத்துத் தொழிலாளர்கள் மட்டும் நடக்கிற பாதை. அட்டைக்கடி உண்டு, நடுவில் ஓர் ஓடை உண்டு. ஆபீஸ் ஆட்கள் யாரும் அதில் போவதில்லை. நான் இங்கே வேலைக்கு வந்து அப்போது ஆறு மாதம் ஆகவில்லை. எனக்கே தெரியாததை உனக்கு எப்படிச் சொல்வேன்?

நீ கேட்டபடி பேர் கொடுத்துவிட்டேன். என் எண் 62. ஆபீஸில் சிரிக்கிறார்கள். இலை நிறுக்கிற தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு போட்டவன் ஓடப் போகிறானாம். மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடுவேன் என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். உன்னை நெருக்குவதாக நினைக்காதே. மார்ச் 31க்குள் குடும்பம் வராவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தனி ஆட்கள் தங்கும் அறைக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் எழுத்தில் கொடுத்துவிட்டார். வரிசையில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அதன் பிறகு வீடு கேட்டால் வருஷக்கணக்கு ஆகும். பிள்ளையின் தொட்டில் கயிறு இன்னும் உத்தரத்தில்தான் தொங்குகிறது. அவிழ்க்கவா வேண்டாமா என்று மட்டும் எழுது.

பவுல்பாண்டியன்


சங்கரன்கோவில்,
29-1-79

அன்புள்ள அத்தானுக்கு,

மறுபடியும் தாமதம். லீதியாளுக்கு இரண்டு பல் ஒன்றாக வருகிறது. மூச்சு நன்றாக இருக்கிறது; முதலில் அதை எழுதியிருக்க வேண்டும், உங்களைத் தவிக்க விட்டுவிட்டேன்.

கயிற்றைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். பதினேழாம் தேதி முடியட்டும்.

மூன்று மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெறுங்கையோடு ஓடினால் அது உங்கள் நேரம். எனக்கு வேண்டியது அவளுடைய நேரம். கணக்குப் படித்தவளைக் கட்டிக்கொண்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு யாகூப் பாய் அரிசிக் கடைக்குப் போனேன். தராசில் உட்கார வைக்கச் சொன்னதும் பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, பிள்ளைய விலைக்கா குடுக்கப் போறிய?"

"இல்ல பாய், எடை மட்டும் பாக்கணும்."

"அரிசி போடுத தட்டும்மா. உக்காருவாளா?"

உட்கார்ந்தாள். உட்கார்ந்து, தட்டில் ஒட்டிக்கிடந்த அரிசியைப் பொறுக்கி வாயில் போட்டாள். "தின்ன அரிசிய எடையில கழிச்சிருதேன்" என்றார் பாய். எட்டு கிலோ முந்நூறு.

அதே எடைக்கு அரிசி கட்டிக்கொள்ளுங்கள். அவளுடைய ஃபிளானல் போர்வையையும் கம்பளிக் குல்லாவையும் இதோடு அனுப்புகிறேன். அரிசிப் பையைப் போர்வையில் சுற்றி, தலை இருக்க வேண்டிய இடத்தில் குல்லாவைப் போடுங்கள். குல்லா எதற்கென்றால், அந்தப் பக்கம் உங்கள் கை எப்போதும் இருக்க வேண்டும். மூட்டையைத் தோளில் போடுகிற மாதிரி போடக் கூடாது. கீழே வைக்கக் கூடாது. ஓடையில் நனையக் கூடாது. இளைப்பாறலாம், ஆனால் கையில் வைத்துக்கொண்டே.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். இந்த மாதிரிப் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று. "அப்படியெல்லாம் மணி சொல்ல முடியாதும்மா" என்றார்கள். நான் விடவில்லை. கடைசியில், "மூணு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்தா எங்களால ஏதாவது செய்ய முடியும், அதுக்கு மேல என்னை ஏன் கேக்கிறே" என்றார்கள்.

ஆகவே மூன்று மணி நேரம். அதற்குள் வந்தால் வருகிறேன். இல்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

தேவமணி


கூனிப்பாறை எஸ்டேட்,
7-2-79

அன்புள்ள மணிக்கு,

போர்வையும் குல்லாவும் வந்தன. குல்லாவை முகர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான் எழுதுவேன்.

எஸ்டேட் தராசில் நானே நிறுத்துக் கட்டினேன். ஒரு நாளைக்கு நானூறு கூடை இலை நிறுக்கிறவன், எட்டு கிலோ முந்நூறை மூன்று தடவை நிறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குள் போன பிறகு, தொழிற்சாலைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். அரிசி நழுவிக்கொண்டே இருந்தது. உயிருள்ள பிள்ளை நம் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், அரிசி கட்டிக்கொள்ளாது. இதை உன் கணக்கில் எங்கே சேர்ப்பாய்? கடைசியில் உன் பழைய சேலை ஒன்றைக் கிழித்து மாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். நீல நிறச் சேலை. கோபப்படாதே.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அரிசிக்காரன் என்ற பேர் ஓய்வு பெறும் வரை போகாது. ஓட்டத்தன்று எல்லோரையும் முன்னே விட்டுவிட்டு, கடைசி ஆளாகக் கிளம்பப் போகிறேன்.

ஒன்று கேட்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஐந்து நிமிஷம் கூடினால்?

பவுல்பாண்டியன்


(அஞ்சலட்டை)
அடிவாரம் ஆஸ்பத்திரி,
18-2-79

மணிக்கு. ஓட்டம் முடிந்தது. வலது கணுக்கால் பிசகி இங்கே கட்டுப் போட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. நேரம் எவ்வளவு என்று கேட்காதே, எனக்கே எந்த நேரத்தைச் சொல்வது என்று தெரியவில்லை. விவரம் கடிதத்தில். பவுல்.


சங்கரன்கோவில்,
22-2-79

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் அட்டையைப் பதினாறு தடவை படித்துவிட்டேன். அப்பாவும் படித்துவிட்டார், அம்மாவும் படித்துவிட்டாள், தபால்காரரும் படித்திருப்பார். "எந்த நேரத்தைச் சொல்வது" என்றால் என்ன அர்த்தம்? ஓர் ஆளுக்கு எத்தனை நேரம் இருக்க முடியும்?

கால் எப்படி இருக்கிறது? இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அம்மா சொல்கிறாள்: "ஏட்டி, ஒரு மனுசன அரிசியக் கெட்டிக்கிட்டு மலையில ஓட வச்சிருக்கியே, நீ படிச்சவளா?" அப்பா அதற்கு, "அவன் ஓடுனாம்லா, அவனச் சொல்லு" என்கிறார். இரண்டு பேரும் என் பக்கம் இல்லை.

நாலு மணி நேரம் ஆகியிருந்தால் நாலு என்று எழுதுங்கள். கீழே வைத்திருந்தால் வைத்தேன் என்று எழுதுங்கள். எனக்காக நேரத்தைக் குறைத்து எழுதிவிடாதீர்கள். அந்தப் பொய்யை நம்பி நான் பிள்ளையோடு மேலே வந்துவிடுவேன். சாவடி அட்டையையும் சேர்த்து அனுப்புங்கள்.

தேவமணி


கூனிப்பாறை எஸ்டேட்,
26-2-79

அன்புள்ள மணிக்கு,

சாவடி அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அதில் இரண்டு சாவடிக் கையெழுத்துதான் ஒழுங்காக இருக்கிறது. மற்றதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஏழு மணிக்குக் கொட்டு அடித்தார்கள். நூற்றுப் பத்துப் பேர். எல்லோரும் மேட்டைத் தாண்டி மறைந்த பிறகு, கொதிகலன் அறைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து மாரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். சட்டையில் குத்தியிருந்த 62 போர்வைக்கு அடியில் போய்விட்டது. ஏழு ஐந்து.

முதல் சாவடி ஏழு முப்பத்தைந்து. இரண்டாவது எட்டு ஐந்து. ஏழு கிலோமீட்டர் வந்திருந்தேன். கை குல்லாவின் கீழேயே இருந்தது, சத்தியம். அதற்கப்புறம் ஓடை. நனையக் கூடாது என்று நீ எழுதியது ஞாபகம் வந்து, சேலைக் கட்டைத் தளர்த்தி மூட்டையை மேலே தூக்கினேன். கால் வழுக்கிக் கணுக்கால் மடங்கியது. மூட்டை நனையவில்லை. நான் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, அதை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஓடைக்கு அக்கரையில் மூன்றாம் லயம். அங்கே முப்பிடாதியம்மாள் என்று ஓர் அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இலை பறிக்கிறவள். தினம் என் தராசுக்கு வருவாள். அவள் என்ன பார்த்தாள் என்று யோசித்துப் பார். கணக்கெழுதுகிற ஆபீஸ் ஆள், ஆபீஸ் ஆட்கள் வராத பாதையில், பொண்டாட்டி சேலையில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, ஒரு கால் உடைந்து, தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறான். ஜீப்புகள் எல்லாம் விழாவுக்குப் போயிருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். என் கழுத்து முடிச்சை அவிழ்த்தாள். எடுத்தாள். ஓடிவிட்டாள்.

"யக்கா, அது அரிசி!" என்று கத்தினேன்.

அவள் திரும்பாமலே, "பாவம், மனுசனுக்குப் புத்தி கலங்கிப் போச்சு. ஏட்டி செண்பகவல்லி, இவரப் பாரு!" என்று கூவினாள்.

அதன் பிறகு ஒரு சத்தம் கேட்டேன். கூவலென்று சொல்ல வேண்டும். மூன்றாம் லயத்திலிருந்து ஒருத்தி கூவ, கீழே நான்காம் லயத்திலிருந்து பதில் கூவல், அதற்கும் கீழே இன்னொன்று. செண்பகவல்லி என் காலைத் துணியால் சுற்றிக்கொண்டே சொன்னாள். மலையில் ஒரு பிள்ளைக்கோ பிள்ளைத்தாய்ச்சிக்கோ முடியாமல் போனால் ஓர் ஆள் தூக்கிக்கொண்டு போவதில்லை. லயத்துக்கு லயம் ஆள் மாற்றி ஓடுவார்கள். கூவல் முன்னால் போய்விடும். அடுத்த ஆள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பாதையில் நிற்பாள். கை மாறும்போது துணியைத் திறந்து பார்க்கக் கூடாது. காற்று அடிக்கும், நேரமும் போகும் என்று.

நான் அவளிடம் அரிசி அரிசி என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். "ஆமாய்யா, அரிசிதான், நீரு அழாதிரும்" என்றாள்.

ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தேன். சாவடியில் இருந்தவர்கள்கூட என் அட்டையைப் பார்க்கவில்லை. "பிள்ளை போயிட்டு சார், ரெம்ப முன்னால போயிட்டு, நீங்க மெதுவா வாங்க" என்றார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்கள் பாதையை விட்டு விலகி வழி விட்டார்களாம். பந்தயத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் ஒரு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஓடினானாம். மொத்தம் பதினொரு பேர். பிள்ளை அசையவில்லை, அழவில்லை என்று ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் சொல்ல, ஒவ்வொருவரும் முந்தினவரை விட வேகமாக ஓடியிருக்கிறார்கள்.

நான் மைதானத்துக்கு வந்தபோது பன்னிரண்டு இருபது. கொட்டு நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். உள்ளே நர்ஸ் மேஜையின் மேல் போர்வை விரித்துக் கிடந்தது, நடுவில் அரிசி. பக்கத்தில் குல்லா. கடைசியாகத் தூக்கி வந்த வீரபாண்டி என்கிறவன் படியில் உட்கார்ந்திருந்தான். பெரிய ஆள், மரம் அறுக்கிறவன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், நெசமாவே அரிசியா?"

"அரிசிதான் வீரபாண்டி. எடை பார்க்க..."

"பிள்ள நல்லா இருக்கா?"

"சங்கரன்கோவில்ல நல்லா இருக்கா."

அவன் சிரிக்கத் தொடங்கினான். பிறகு மற்றவர்களும். நான் அடி விழும் என்று நினைத்து நின்றேன். வீரபாண்டி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். யாரோ டீ கொடுத்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அது வேறு கதை. டம்ளர் கொடுத்தார், கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நர்ஸ் நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். "குழந்தை, வந்த நேரம் 9.40." அதன் மேல் ஒரு கோடு. நான் புறப்பட்டது ஏழு ஐந்து. என் நேரம் ஐந்தேகால் மணி. மூட்டையின் நேரம் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம். எதை எழுதுவது என்று தெரியாமல்தான் அந்த அஞ்சலட்டையைப் போட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. இதை எழுத வேண்டாம் என்றுகூட நினைத்தேன். பொய் எழுதாதே என்றாய்; விட்டு எழுதுவதும் அதில்தான் சேரும்.

காலை ஊன்ற முடிந்ததும் மூன்றாம் லயத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். முப்பிடாதியம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"நீரு அரிசின்னுதான் சொன்னீரு கணக்கய்யா. எங்க காதுலதான் ஏறல. விடும்."

அரிசியைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"பிள்ளன்னு நெனச்சு நெஞ்சோட அணைச்சுட்டு ஓடுனேன். அத எப்படி வேக வச்சுத் திங்க? நீரே கொண்டுபோம்." பிறகு, போகத் திரும்பியவனிடம் சொன்னாள்: "இந்தத் தடவயாவது எங்க கையில குடுத்தீரே. போன கார்த்திகையிலயும் ஏழு பேரு வந்தோம்லா. பிள்ளையக் குடு, பிள்ளையக் குடுன்னு எம்புட்டுத் தட்டுத் தட்டுனோம். கீழ வரைக்கும் ஆளு நிப்பாட்டி வச்சாச்சு. உம்ம பொஞ்சாதி தெறக்கல. புதுசு, பாவம், என்னத்தக் கண்டா."

மணி, உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஐந்து மணி நேரமும் நான் மேனேஜர் பங்களா வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் இவர்களைக் கேட்கத் தோன்றவில்லை.

அரிசி போர்வையோடு அலமாரியில் இருக்கிறது. கயிறு உத்தரத்தில் இருக்கிறது.

பவுல்பாண்டியன்


சங்கரன்கோவில்,
2-3-79

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. இன்றைக்கே எழுதுகிறேன். லீதியாள் மடியில்தான் இருக்கிறாள். பேனா மூடியைக் கொடுத்திருக்கிறேன்.

அந்தத் தாழ்ப்பாள் இடது பக்கம் கொஞ்சம் இறுகியிருக்கும். ஓங்கித் தள்ளினால்தான் விழும். நான் ஓங்கித் தள்ளினேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டே கத்தினாள். என்னை மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம். பிள்ளை இரண்டே முக்காலுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள். ஜீப் வரும் வரை மீதியிருந்த நேரத்தை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது.

உங்கள் ஐந்தேகால் மணியை நான் வைத்துக்கொள்கிறேன். தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு அரிசியைத் தலைக்கு மேலே பிடித்த ஆளை இனி எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை.

பயம் போய்விட்டதென்று எழுத மாட்டேன். போகவில்லை. நிறைய தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கூவலை எப்படிக் கூவுகிறார்கள்? மழையில் கேட்குமா? ஓடை பெருகினால் எந்த வழி? நம் குவார்ட்டர்ஸுக்கு மேலே முதல் லயம் இருக்கிறதே, அங்கேயிருந்து ஒரு பிள்ளை வந்தால் நம் வாசல் வழியாகத்தானே போக வேண்டும்? அப்படியென்றால் நம் வளைவிலிருந்து அடுத்த லயம் வரை யார் தூக்குகிறார்கள்? ஆபீஸ் வீடு என்று நம்மை விட்டுவிட்டு அந்தத் தூரத்தையும் ஒரே ஆள் ஓடுகிறாரா? முப்பிடாதி அக்காவிடம் கேளுங்கள். காலேஜில் நானூறு மீட்டர் ஓடியிருக்கிறேன் என்றும் சொல்லுங்கள்.

பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். அப்பா அடிவாரம் வரை வருவார். கயிற்றை இழுத்துப் பாருங்கள், இற்றுப் போயிருந்தால் மாற்றுங்கள்.

அரிசியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பதினொரு பேரையும் கூப்பிட்டு நானே பொங்கிப் போடுகிறேன். பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்கும்.

நேற்று மறுபடி யாகூப் பாய் கடைக்குப் போனேன். எட்டு கிலோ எழுநூறு. போன தடவையை விட நானூறு கிராம் கூடியிருக்கிறாள் என்று முப்பிடாதி அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தேவமணி